பச்சை முக்கோணம் இன்னும் மாறவில்லை: பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாரியத்தாருக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு மக்களை இழிக்கும் சொல் வருகிறது என்பதற்காக, 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் சான்றிதழை 'யு' (எல்லோருக்கும் ஏற்றது) என்பதிலிருந்து 'பிஜி' (பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டியது) என்று மாற்றினீர்கள். அந்த முடிவு சரியானது என்று சொல்லவும், அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்று முறையிடவும் இந்த மடலை எழுதுகிறேன். நான் லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறேன். ஆரம்பப் பள்ளி ஒன்றில் வகுப்பாசிரியருக்குத் துணையாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும். உடன்பட்டால் அவர்களும் உங்களுக்கு எழுத வேண்டும்.

நடந்ததை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 'மேரி பாப்பின்ஸ்' 1964இல் வந்த படம். ஐந்து ஆஸ்கர் விருதுகள் பெற்றது. அவற்றில் ஒன்று ஜூலி ஆண்ட்ரூஸுக்குச் சிறந்த நடிகைக்காகக் கிடைத்தது. கதை நடப்பது 1910ஆம் ஆண்டு லண்டனில். மேரி பாப்பின்ஸ் என்ற ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து சேரும் பாங்க்ஸ் குடும்பம் குடியிருக்கும் அதே தெருவில் அட்மிரல் பூம் என்ற முதிய கடற்படை அதிகாரியும் இருக்கிறார். வீட்டின் கூரையையே கப்பல் தளமாக மாற்றி வைத்துக்கொண்டு, நேரம் தவறாமல் பீரங்கி வெடிப்பவர். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அவர் வாயில்தான் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை, தெருவில் போகும் சிறுவன் மைக்கேலிடம், அந்த மக்களோடு சண்டை போடப் போகிறாயா என்று விளையாட்டாகக் கேட்கிறார். இரண்டாம் முறை, புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்கள் கரி படிந்த முகத்தோடு கூரைகள் மேல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, அந்த மக்கள் நம்மைத் தாக்க வந்துவிட்டார்கள் என்று கூவுகிறார். உடனே அவர்கள்மேல் வாணங்கள் ஏவப்படுகின்றன.

சொல்லை ஒரே ஒருமுறை எழுதுகிறேன்: 'ஹாட்டென்டாட்'. தென்னாப்பிரிக்கப் பகுதியின் பழங்குடிகளான கொய்கொய் மக்களுக்கு டச்சுக் குடியேறிகள் வைத்த பெயர் இது. இன்று அது வசைச்சொல்.

1964இல் உங்கள் வாரியம் இந்தப் படத்துக்கு யு கொடுத்தது. 2013இல் மறுபடி திரையரங்குக்கு வந்தபோதும் யு. படம் வெளியாகி 60 ஆண்டு ஆனதையொட்டி மீண்டும் திரையிட அனுப்பப்பட்டபோதுதான் பிஜி. பாகுபடுத்தும் சொல் படத்தில் வருகிறது, அதைப் படம் எங்கும் கண்டிக்கவில்லை, ஆகவே யு பிரிவில் ஏற்கத்தக்க அளவை அது மீறுகிறது என்று விளக்கம் சொன்னீர்கள். இப்படிப்பட்ட சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் மனம் நோகலாம், அல்லது பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்லலாம் என்பதே பெற்றோரின் கவலை என்றும் சொன்னீர்கள்.

அப்போது எழுந்த கூச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல படத்தைத் தடை செய்துவிட்டார்கள் என்றார்கள். பிஜி என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. யு என்பது நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் பொருத்தமானது. பிஜி என்பது பொதுவாக எல்லோரும் பார்க்கக்கூடியது. சில காட்சிகள் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போகலாம், பெற்றோர் யோசித்துக்கொள்ளட்டும் என்பது. ஐந்து வயதுக் குழந்தை தனியாகப் போய் டிக்கெட் கேட்டாலும் பிஜி படத்துக்குச் சட்டம் தடை சொல்வதில்லை. தின்பண்டப் பொட்டலத்தில் 'கடலை கலந்திருக்கிறது' என்று அச்சிட்டால் அந்தப் பண்டத்தைத் தடை செய்ததாகாது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய்க்கு அந்த ஒரு வரி தேவை, அவ்வளவுதான்.

இவ்வளவும் உங்கள் பக்கம் நின்று சொல்வது. இனி முறையீடு.

நீங்கள் மாற்றியது திரையரங்கில் ஓடிய வடிவத்தின் சான்றிதழை மட்டும். வீட்டில் பார்க்கும் வடிவம் யு ஆகவே நீடிக்கிறது. டிவிடி உறையில் யு சான்றிதழின் அடையாளமான பச்சை முக்கோணம் அப்படியே இருக்கிறது. திரையரங்கு மறுவெளியீடு சில வாரங்களில் முடிந்துபோனது. இந்தப் படத்தை இந்த நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே பார்க்கிறார்கள்? வீட்டுக் கூடத்தில், பாட்டி வீட்டில், பள்ளிக்கூடத்தில். அந்த மூன்று இடங்களுக்கும் உங்கள் திருத்தம் போய்ச் சேரவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முக்கோணங்களுக்கு உண்மையான அதிகாரம் இருப்பது அங்கேதான். பருவத்தின் கடைசி நாளில் பிள்ளைகளுக்குப் படம் போடுவது இந்த நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் வழக்கம். நான் வேலை பார்த்த இடத்தில் நடைமுறை எளிதானது. உறையில் பச்சை முக்கோணம் இருந்தால் எதுவும் கேட்க வேண்டாம், போடலாம். மஞ்சள் முக்கோணம், அதாவது பிஜி என்றால், பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டு போகும். இந்தப் படத்தை உங்கள் பிள்ளை பார்க்கலாமா என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். சீட்டு அனுப்ப வேண்டியிருப்பதால், படத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் முன்னதாகப் பார்த்தாக வேண்டும். 'ஏன் பிஜி?' என்று யாராவது ஒரு தந்தை வாசலில் நிறுத்திக் கேட்பார், பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் இதே விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பழகிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த வழக்கம்தான். பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு, பெரியவர் ஒருவர் முன்கூட்டி அந்தக் காட்சியைப் பார்த்துவைத்தாரா இல்லையா என்பதுதான்.

ஒரு டிசம்பர் மாதக் கடைசி நாளில் எங்கள் பள்ளியில் இந்தப் படத்தைப் போட்டார்கள். உறை பச்சை, ஆகவே சீட்டு எதுவும் போகவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தரைவிரிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கூரை மேல் ஆட்டம் வந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். துடைப்பக் கட்டைகளைச் சுழற்றிக்கொண்டு தொழிலாளர்கள் கூரைக்குக் கூரை தாவும் காட்சி. எந்தப் பிள்ளைதான் உட்கார்ந்து பார்க்கும்? அட்மிரல் கூவினார், வாணங்கள் சீறின, பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் விளையாட்டுத் திடலில் அதுவே விளையாட்டாயிற்று. ஏறி விளையாடும் சட்டத்தின் உச்சியில் இரண்டு பேர் அட்மிரலாக நின்றார்கள். கீழே ஓடுபவர்களைப் பார்த்து அந்தச் சொல்லைக் கூவுவார்கள், வாயாலேயே வாணம் விடுவார்கள். வாணம் பட்டவன் தரையில் விழ வேண்டும். அந்தச் சொல்லின் ஓசை பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தாளம் போட்டுச் சொன்னார்கள். நான் கண்காணிப்புப் பணியில் இருந்தேன். சற்று நேரம் பார்த்தபின்தான் ஒன்று கண்ணில் பட்டது. கீழே ஓடி ஓடி விழுந்துகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். வகுப்பிலேயே நிறம் மிகக் கறுத்த மூன்று பேர். அதில் ஒருவன் எங்கள் தமிழ்ப் பையன். நீ அந்தப் பக்கம் போ என்று யாரும் யாரையும் தள்ளவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் அழவில்லை. அவனும் சிரித்துக்கொண்டேதான் விழுந்தான். படத்தில் சுடப்படுகிறவர்களின் முகம் என்ன நிறம் என்பதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். அதன்படி இடம் பிரித்துக்கொண்டார்கள்.

அதனால்தான் உங்கள் விளக்கத்தில் வரும் 'பாகுபடுத்தும் சொல்' என்ற குறிப்பு எனக்குப் போதவில்லை. இங்கே சிக்கல் சொல்லோடு முடிவதில்லை. கரி பூசிய முகம் ஆப்பிரிக்க முகமாகிறது; அதைப் பார்த்தவுடன் எதிரி என்று முடிவாகிறது; உடனே வாணம் பாய்கிறது. நகைச்சுவையின் கட்டமைப்பே அது. அந்தச் சொல் ஒலிக்காத ஒரு வடிவத்தை யாராவது தயாரித்தாலும் அந்த மூன்று படிகள் அப்படியே இருக்கும். இந்தப் படம் வந்த 1964இல், முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு பாடி ஆடும் நிகழ்ச்சி ஒன்று பிபிசி தொலைக்காட்சியில் நல்ல செல்வாக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. 1958இல் தொடங்கி 1978 வரை அது நிற்கவில்லை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டமே பிரிட்டனில் 1965இல்தான் வந்தது. அந்தக் காலத்து மதிப்பீட்டாளர்கள் இந்தக் காட்சியில் எதையும் காணாததில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்வதில் பயனும் இல்லை. அவர்கள் போட்ட பச்சை முக்கோணத்தை இன்றும் சுமந்து திரியும் டிவிடியைப் பற்றித்தான் என் பேச்சு.

'அது செத்துப்போன சொல், இன்று யாருக்குத் தெரியும்?' என்பது உங்கள் முடிவை எதிர்த்தவர்களின் வலுவான வாதம். படித்த, நல்ல மனம் கொண்ட நண்பர்களே இதை என்னிடம் சொன்னார்கள். யாருக்குச் செத்துப்போன சொல் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1810இல் சாரா பார்ட்மன் என்ற கொய்கொய் பெண்ணைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பிக்காடிலி தெருவில் கட்டணம் வைத்து அவரைக் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். அவர் உடலமைப்பைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அந்தச் சொல்லோடு ரோமானியரின் காதல் தெய்வத்தின் பெயரையும் ஒட்டித்தான் விளம்பரம் செய்தார்கள். அடிமை முறையை எதிர்த்தவர்கள் அதே ஆண்டு நீதிமன்றம் போனார்கள், வழக்கு நிற்கவில்லை. பிறகு பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1815 டிசம்பரில் அங்கே இறந்தார். இறந்த பின்னும் விடவில்லை. அவருடைய எலும்புக்கூடும் உடலின் அச்சுவார்ப்பும் 1970களின் நடுப்பகுதிவரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தன. நெல்சன் மண்டேலா கேட்டுக்கொண்ட பிறகும் ஆண்டுகள் பல சென்று, 2002இல்தான் அவருடைய எச்சங்கள் தாய்நாடு திரும்பின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் மகளிர் நாளன்று, ஹாங்கி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 2002 என்பது பழங்காலம் இல்லை. அப்போது நான் இந்த ஊரில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. கொய்கொய் மக்களில் ஒரு பிரிவினர் நாமா. இன்றைய நமீபியா அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1904 முதல் 1908 வரை அங்கே ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்தது. எஞ்சியவர்களை முகாம்களில் அடைத்தது; லூடெரிட்ஸ் துறைமுகத்தை அடுத்த சுறாத் தீவு முகாம் அவற்றில் மிகக் கொடியது. நாமா தலைவர் ஹென்ட்ரிக் விட்போய் 1905இல் போரில் பட்ட காயத்தால் இறந்தார். அவர் முகம் இன்று நமீபியாவின் பணத்தாள்களில் இருக்கிறது. நடந்தது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021இல் ஏற்றுக்கொண்டது. படத்தின் கதை நடப்பது 1910இல். 'அவர்களோடு சண்டைக்குப் போகிறாயா?' என்று அட்மிரல் ஒரு சிறுவனிடம் கேட்பது, அந்த முகாம்கள் மூடப்பட்டு இரண்டே ஆண்டில். திரைக்கதை எழுதியவர்கள் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். நாமா குடும்பத்துப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டால், அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு நினைவு வராமல் இருக்குமா?

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு இது புரிவது கடினமில்லை. 1980களில் இங்கே வந்த எங்கள் பிள்ளைகளைப் பஸ் நிறுத்தங்களில் அழைத்த பெயர் வேறொரு நாட்டாரைக் குறிக்கும் வசை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அதே பெயர், குஜராத்திப் பிள்ளைக்கும் அதே பெயர். அழைத்த பையன்களில் பாதிப் பேருக்கு அது வசை என்பதே தெரியாது. தொலைக்காட்சியில் கேட்டது, எல்லோரும் சிரித்தது, அதனால் சொன்னார்கள். பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்லுதல் என்று உங்கள் விளக்கத்தில் வரும் அந்தச் சொற்றொடரைப் படித்தபோது, நம்மை அறிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

'இப்படியே போனால் எல்லாப் பழைய படத்துக்கும் பிஜி போட வேண்டியதுதான், பிறகு பிஜிக்கு என்ன பொருள்?' என்ற கேள்வியும் நியாயமானதே. இதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. உதாரணமாக, முயல்களைப் பற்றிய 'வாட்டர்ஷிப் டவுன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் யு பெற்ற அந்தப் படத்தையும் அண்மையில் பிஜிக்கு மாற்றினீர்கள். ரத்தமும் அச்சுறுத்தலும் முக்கியக் காரணம். கடற்பறவை ஒன்று சொல்லும் கொச்சைச் சொல்லும் சேர்ந்துகொண்டது. பறவை சொன்ன கொச்சையால் உலகில் எந்த மக்கள் கூட்டமும் சிறுமைப்படவில்லை. அதைக் கேட்டு ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் அம்மா அதட்டுவாள், முடிந்தது. அட்மிரலின் சொல் அப்படிப்பட்டதில்லை. இரண்டையும் 'மொழி' என்ற ஒரே தலைப்பின் கீழ் போடும்போது, எது மரியாதைக் குறைவு, எது ஒரு மக்களையே தாழ்த்துவது என்ற வேறுபாடு பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது. முதல் வகைக்குப் பழைய படங்களைத் தோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டாம் வகையில் தயக்கமே கூடாது. ஒரு படம் அத்தகைய சொல்லைக் காட்டி, அது தவறு என்று படத்துக்குள்ளேயே உணர்த்திவிட்டால், அந்தப் படத்துக்கு யு கொடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டதை இங்கே சொல்ல வேண்டும். விடுமுறை முடிந்து வந்ததும், வகுப்பாசிரியரும் நானும் அந்தக் காட்சியைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசினோம். நாமா மக்கள் வாழும் இடத்தை உலக உருண்டையில் காட்டினோம். அது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை, அவர்களை இழிவாகப் பார்த்தவர்கள் வைத்தது என்று சொன்னோம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். இந்த வயதில் அநியாயம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அப்போது அந்தச் சிறுமி கேட்டாள்: "கடைசியில் அட்மிரல் மன்னிப்புக் கேட்பாரா?" படத்தில் அப்படி எதுவும் வருவதில்லை. நீங்கள் 2024இல் மூன்று வரியில் எழுதிய காரணமும் அதேதான். ஏழு வயதுப் பிள்ளையின் நீதியுணர்வுக்கு எட்டிய ஒன்றை, 2013இல் இதே படத்தைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் கவனிக்கவில்லை. பெற்றோரைக் கேட்டபின் உங்கள் பார்வை மாறியது. கேட்டதற்கு நன்றி.

படத்தை வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூலக் கதையை எழுதிய பி. எல். டிராவர்ஸின் 1934ஆம் ஆண்டுப் புத்தகத்திலும் பிற இனத்தாரைக் கேலியாக வரைந்த அத்தியாயம் ஒன்று இருந்தது. 1980இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் அந்தக் காரணத்தால் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தது. மறு ஆண்டே அந்த அத்தியாயத்தில் மனிதர்களுக்குப் பதிலாக விலங்குகளையும் பறவைகளையும் வைத்துத் திருத்திய பதிப்பு வந்தது, திருத்தியவர் ஆசிரியரே. அது அவர் உரிமை. படத்தை எடுத்தவர்கள் இன்று இல்லை. அவர்கள் சார்பில் வேறு யாரும் கத்தரி எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காட்சி இருந்தால்தான் அதைக் காட்டிப் பேச முடியும். ஓடிடி தளங்கள் சில பழைய படங்களின் தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் காட்டுகின்றன. சில பழைய படங்களைப் பிள்ளைகளுக்கான பிரிவிலிருந்தே எடுத்துவிட்டன. முதலாவது நல்லது. இரண்டாவது, பெற்றோரின் வேலையைப் பெற்றோரிடமிருந்து பறிப்பது. சான்றிதழை மாற்றும் உங்கள் வழி இவை இரண்டையும்விட மேலானது, ஏனென்றால் அது படத்தைத் தொடாமல் பெரியவரை எழுப்பி உட்காரவைக்கிறது.

எங்கள் மொழிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டுத் திரையரங்குகளில் ஓடும் தமிழ்ப் படங்களும் உங்கள் சான்றிதழோடுதான் ஓடுகின்றன. எங்கள் பழைய படங்களில், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் குடும்பப் படங்களில்கூட, கால் ஊனமுற்றவரை, பார்வையற்றவரை, கறுத்த நிறத்தவரை, சாதியின் பேரால் தாழ்த்தப்பட்டவரை இழிக்கும் சொற்கள் நகைச்சுவை என்ற பெயரில் தாராளமாக வரும். ஆங்கிலத் துணைவரிகளில் அவை பெரும்பாலும் 'முட்டாள்' என்பது போன்ற சப்பையான சொல்லாகிவிடுகின்றன. துணைவரியை மட்டும் படிப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. அரங்கில் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு முழுச் சொல்லும் போய்ச் சேரும். இந்தப் படங்கள் மீண்டும் திரைக்கு வரும்போது தமிழறிந்த ஒருவர் காதால் கேட்டு மதிப்பிட வேண்டும். கொய்கொய் மக்களுக்காகப் பேசும் நாங்கள், எங்கள் வீட்டுக்குள் ஒலிக்கும் சொல்லுக்கு மட்டும் சலுகை கேட்பது முறையாகாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வீட்டில் பார்க்கும் வடிவத்துக்கும் பிஜி வர வேண்டும். விநியோக நிறுவனம் படத்தை மறுபடி அனுப்பினால்தான் புதிய சான்றிதழ் தர முடியும் என்பது உங்கள் நடைமுறை என்று அறிவேன். அந்த நிறுவனம் தானாக அனுப்பும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை பச்சை முக்கோணத்தோடே வளர்ந்துவிடும். நீங்களே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டீர்கள் என்பதை வெளியே சொல்லுங்கள். திரையரங்குக்கு ஒரு சான்றிதழ், அதே காட்சி அப்படியே இருக்கும் டிவிடிக்கு வேறு சான்றிதழ் என்ற நிலை, முறை தெரிந்தவர்களுக்குப் புரியலாம். பள்ளி அலமாரியைத் திறக்கும் ஆசிரியருக்குப் புரியாது.

அடுத்து, காரணம் சொல்லும்போது 'பாகுபடுத்தும் சொல்' என்று நிறுத்தாமல், எந்த மக்களைக் குறிக்கும் சொல், எந்தக் காட்சியில், யார் வாயில் வருகிறது, கரி பூசிய முகங்களோடு அது எப்படிச் சேர்கிறது என்று நான்கு வரி எழுதுங்கள். பிள்ளையிடம் பேச வேண்டிய பெற்றோருக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதை எழுதுமுன் கொய்கொய், நாமா மக்களில் சிலரிடம் கேளுங்கள். சொல்லின் எடை அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் இணையதளம் உங்களுடையது. அதில் இந்தப் படத்தின் வீட்டு வடிவத்தைத் தேடி வருபவருக்கு, '2024இல் இதே படத்துக்குத் திரையரங்கில் பிஜி அளித்தோம், காரணம் இது' என்ற குறிப்பு யு அடையாளத்தின் அருகிலேயே கண்ணில் பட வேண்டும். பருவத்தின் கடைசி வாரத்தில் எந்தப் படத்தைப் போடலாம் என்று ஆசிரியர்கள் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். வரும் டிசம்பருக்குள் அதைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாரோவில் வசிக்கும் ஒரு தமிழாசிரியை